மலையிடம் சொன்ன பெயர்

புவேர்த்தோ யூக்கா
9 பிப்ரவரி 2003

சிஞ்சிபம்பாவின் மாண்புமிகு மேயர் அம்மாவுக்கு அவருடைய புருஷன் நிகானோர் போமா எழுதிக்கொள்வது.

கோபப்படாதே எடெல்மிரா. இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "மேயரம்மா புருஷன் வந்தாச்சு, டீசல் ஊத்துங்கடா" என்கிறான் மரக் கம்பெனி மேஸ்திரி. பதினெட்டு வருஷம் மலையைக் குடைந்து சம்பாதித்த பெயர் உன்னுடைய ஒரே தேர்தலில் போய்விட்டது.

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பொக்லைனை லாரியில் ஏற்றிக் காட்டுக்கு இறக்க மூன்று நாள் பிடித்தது. ஒன்பது வருஷமாக அதை ஓட்டுகிற தெமேத்ரியோ வழி நெடுகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டே வந்தான். இங்கே மண் என்று ஒன்று கிடையாது, எல்லாம் சேறு. காலையில் வெட்டிய பாதை சாயங்கால மழையில் கரைந்துவிடுகிறது. மறுநாள் அதையே வெட்டுகிறோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, மாறுதலுக்கு ராத்திரி வாழைக்காய்.

ஊர்ச் சதுக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ செய்த சத்தியம் இன்னும் காதில் இருக்கிறது. "என் புருஷனோட பொக்லைன் நாலு வருஷத்துக்கு இந்த ஊர் மண்ணுல ஒரு கல்லைக்கூடப் புரட்டாது." நான் ஐந்தாவது வரிசையில் நின்று கை தட்டினேன். மேயரின் புருஷன் மேயரிடம் ஒப்பந்தம் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் சட்டம் ஒப்பந்தத்தை மட்டும்தான் சொன்னது. நீ கல்லையும் சேர்த்துக்கொண்டாய். அதை முதலில் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரோடு ஊராக நின்றுதானே நானும் தெரிந்துகொண்டேன்.

டெலிபோன் பூத்தில் பேசலாமென்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு ஊருக்கு ஒலிபரப்புவாள். அதனால் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். லூஸ்மிலா ஒழுங்காகப் படிக்கிறாளா?

நிகானோர்

சிஞ்சிபம்பா
2 மார்ச் 2003

நிகானோர்,

மேயரம்மா புருஷன் என்று கூப்பிட்டால் உனக்கு எங்கே குறைந்துபோகிறது? பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த என்னை இந்த ஊர் 'பொக்லைன்காரர் பெண்டாட்டி' என்றுதான் சொன்னது. நான் மூக்கால் அழவில்லை. நீயும் மரவள்ளியைத் தின்றுவிட்டுப் பேசாமல் இரு.

லூஸ்மிலா நன்றாகப் படிக்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று வாரம் ஒருமுறைதான் கேட்கிறாள்; முன்பு தினமும் கேட்டாள்.

விடிந்தால் காண்ட்ராக்டர்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒருவர் என் பிறந்தநாள் பரிசு என்று கோணிப்பையில் உயிரோடு மூன்று கினிப்பன்றி கொண்டுவந்தார், விருந்துக்கு வறுக்கலாமாம். என் பிறந்தநாள் அக்டோபரில். ஆபீசுக்கு எடுத்துப் போய் எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்தேன். அவிழ்த்துக் காட்டும்போது ஒன்று ஓடி கணக்குப் பிரிவுக்குள் புகுந்துவிட்டது. இன்றுவரை பிடிபடவில்லை. கோப்புகளைத் தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது.

சத்தியத்தைப் பற்றி. பழைய மேயர் நகராட்சிக்கு வேண்டிய சிமென்ட்டை எல்லாம் தன் மச்சினன் கடையில் வாங்கினார். மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே கையெழுத்து. சுகாதார நிலையச் சுவரை விரலால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. இதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தேன். அந்த அறுபத்தொரு பேர் யார் என்று எனக்குத் தெரியாததால், தெருவில் பார்க்கிற ஒவ்வொருவரையும் அவர்களில் ஒருவராக நினைத்துக்கொண்டு நடக்கிறேன். சத்தியத்தை முதலில் வீட்டில் சொல்லியிருந்தால் நீ பேசிப் பேசியே என்னை மடக்கியிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. இதில் நான் செய்தது சரியில்லை.

ஒரு நல்ல சேதி. வாய்ரா மலை வழியாகக் கீனுவாபாட்டாவுக்கு ரோடு போட லீமாவிலிருந்து பணம் அனுமதியாகிவிட்டது. பதினொரு கிலோமீட்டர். போன மாதம் அங்கேயிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கதவுப் பலகையில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பாதி வழியில் பிரசவம். இரண்டு உயிரும் பிழைத்தது அதிர்ஷ்டம்தான். ரோடு வருகிறது என்று சொன்னதும் அந்தக் கிராமத் தலைவி இலாரியா என் கையைப் பிடித்தார், வெகுநேரம் விடவில்லை.

எடெல்மிரா

புவேர்த்தோ யூக்கா
30 மார்ச் 2003

எடெல்மிரா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'நான் செய்தது சரியில்லை' என்ற வரியை மட்டும் ஏழு முறை. கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைக்க ஆசை. எங்கள் கொட்டகைக்குச் சுவர் இல்லாததுதான் தடை.

வாய்ரா மலை ரோடு விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது கிலோமீட்டரில் சிவப்புப் பாறை இருக்கிறது, அதன் அடியில் ஊற்று. அங்கே மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் சரிவு நிற்கும். கீழிருந்து வெட்டினால் மொத்த மலையும் இறங்கி ஆளை மூடும். வெளியூர்க் கம்பெனி ஒன்று முன்பு கீழிருந்து வெட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? புல்டோசர் இன்னும் மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஓட்டியவன் குதித்துத் தப்பினான். இப்போதும் ஹுவான்காயோவிலிருந்து யாராவது ஒருவன் டெண்டரில் வருவான், கீழிருந்துதான் வெட்டுவான், அதுதான் சீக்கிரம் முடியும். அந்த மலையைத் தெரிந்தவன் நான் ஒருவன். நானோ இங்கே சேற்றைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

அபெலார்தோவிடம் பதிவு செய்த கம்பெனி இருக்கிறது, பொக்லைன் இல்லை. என்னிடம் பொக்லைன் இருக்கிறது, அங்கே வர வழியில்லை. அவன் டெண்டர் போடட்டும், நான் வெட்டுகிறேன். சட்டம் எண்ணுவது ரத்த உறவையும் கல்யாண உறவையும். அபெலார்தோ நம் மகளுக்கு ஞானத்தந்தை, அந்த ஞான உறவில் நமக்குக் கொம்பாத்ரே. கொம்பாத்ரே கூடாது என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். பார்க்காமல் இருந்தால் போதும்.

இதில் எனக்கு லாபம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் லாபத்துக்காக மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரவேண்டும் எடெல்மிரா. நாலு வருஷம் ரொம்ப நீளம்.

நிகானோர்

சிஞ்சிபம்பா
14 ஏப்ரல் 2003

மடையா,

பார்க்காமல் இருக்கத்தான் ஊர் என்னைத் தேர்ந்தெடுத்ததா? பார்க்காமல் இருப்பவர் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், அவரையே வைத்துக்கொண்டிருப்பார்களே.

சட்டம் எழுதியவர்களை லூஸ்மிலாவின் ஞானஸ்நானத்துக்கு நாம் கூப்பிடவில்லை. ஊரைக் கூப்பிட்டோம். இரண்டு மாடு அடித்து மூன்று நாள் சாப்பிட்டார்கள். அபெலார்தோ நமக்கு யார் என்று சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிற கிழவிக்குக்கூடத் தெரியும். அவன் பெயரில் நீ வெட்டினால் அதற்குப் பினாமி என்று பெயர். மச்சினன் கடை சிமென்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? என் புருஷன் நல்லவன், ஒழுங்காக வெட்டுவான் என்றா? அவரும் மச்சினனைப் பற்றி அப்படித்தான் சொன்னார், மடையா.

உனக்கு அந்த மலை தெரியும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. சிவப்புப் பாறை, ஊற்று, எங்கே எப்படி வெட்ட வேண்டும் எல்லாவற்றையும் படம் போட்டு அனுப்பு. மேலிருந்துதான் வெட்ட வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதச் சொல்கிறேன். ஊர்மேல் அக்கறை இருந்தால் அதை இலவசமாகக் கொடு.

முடியாது நிகானோர். என் மேயர் பதவி போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பதவி போகாது என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் முடியாது.

நாலு வருஷம் எனக்கும் நீளம்தான். கட்டிலில் உன் பக்கம் இப்போது பட்ஜெட் காகிதங்கள் தூங்குகின்றன.

எடெல்மிரா

புவேர்த்தோ யூக்கா
25 மே 2003

எடெல்மிரா,

படம் இத்துடன் இருக்கிறது. ஊற்றை நீல மையில் போட்டிருக்கிறேன். இன்ஜினியருக்குப் புரியாவிட்டால் இலாரியாவைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் காட்டச் சொல்.

நீ சொன்னது சரி. இனி அதைப் பற்றிப் பேச்சில்லை. பொக்லைனை விற்றுவிட்டேன். நோட்டரி முன்னால் கையெழுத்தும் போட்டாயிற்று. யாருக்கு, எவ்வளவுக்கு என்றெல்லாம் கேட்காதே, மனசு சரியில்லை. மரக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறேன். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

அடிக்கல் எந்த நாள் என்று எழுது. இங்கிருந்தே ஒரு மிடறு குடிக்கிறேன்.

நிகானோர்

சிஞ்சிபம்பா
8 ஜூன் 2003

என் நிகானோர்,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செயலாளர் கதவைத் தட்டி, பட்ஜெட்டில் துண்டு விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த மெஷினை நீ எப்படி வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவின் நிலத்தை விற்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதை விட்டுக் கொடுத்திருக்கிறாய். நான் ஊர்முன் ஒரு வார்த்தை சொன்னேன், விலையை நீ கொடுத்தாய். இதை நான் மறக்கமாட்டேன்.

டெண்டர் திறந்தாயிற்று. நான் அந்தக் குழுவில் இல்லை, வேண்டுமென்றேதான் உட்காரவில்லை. குறைந்த விலை அபெலார்தோவுடையது. வக்கீலிடம் கேட்டேன், சட்டப்படி தவறில்லை என்றார். அபெலார்தோவையே கூப்பிட்டுக் கேட்டேன். மெஷினை ஹுவான்காயோவில் வாடகைக்கு எடுத்திருக்கிறேன், நிகானோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொன்னான். உன்னுடையதுதான் விற்றுப்போய்விட்டதே. சரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடிக்கல் ஜூன் 29, சான் பேத்ரோ திருநாள். வறுத்த சோளமும் பாலாடைக்கட்டியும் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். மரவள்ளிக்கு ஒரு நாளாவது லீவு கொடு.

உன் எடெல்மிரா

சிஞ்சிபம்பா
1 ஜூலை 2003

நிகானோர் போமாவுக்கு,

நடந்ததை எழுதுகிறேன். உனக்கு இதற்குள் சேதி வந்திருக்கும், இருந்தாலும் என் வாயாலும் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை வாய்ரா அடிவாரத்தில் முந்நூறு பேர். பாண்டு வாத்தியம் வந்திருந்தது. உடைப்பதற்கு ஷாம்பெயின் பாட்டிலை ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மெஷின் ஆரஞ்சு நிறத்தில் நின்றது, பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. தெமேத்ரியோ அதிலிருந்து இறங்கி வந்தான். உன் பொக்லைனை வாங்கிய ஹுவான்காயோ ஆள் ஓட்டுபவனையும் சேர்த்தே எடுத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த அளவுக்கு உன்னை நம்பினேன். அவனிடம் நலம் விசாரித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாட்டில் உடைப்பதற்கு முன்னால் மலைக்குப் படையல். குழி வெட்டி, கோகா இலை, சிகரெட், கரும்புச் சாராயம், மிட்டாய் எல்லாம் வைத்தாயிற்று. யார் வந்திருக்கிறோம், எதை எடுக்கப் போகிறோம், யாருடைய இரும்பு உள்ளே இறங்கப் போகிறது, இந்த மூன்றையும் ஓட்டுபவன் மலையிடம் சொல்ல வேண்டும். இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெமேத்ரியோ முதல் இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"யாரோட இரும்புன்னு சொல்லுப்பா" என்றார் இலாரியா.

"கம்பெனியோட இரும்பு."

"கம்பெனிக்கு அப்பன் ஆத்தா உண்டா? ஆளு பேரைச் சொல்லு."

அபெலார்தோ பக்கத்தில் நின்று தன் பெயரையே வாயசைத்துக் காட்டினான். தெமேத்ரியோ அவனைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். "நிகானோர் போமாவோட இரும்பு. லாசரோ போமா மகன். இங்க பொறந்தவரு."

பாண்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். இலாரியா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆளு குடிச்சிருக்காப்ல மேயரம்மா. மறுபடி ஒருதரம் கேக்கட்டுமா?"

எனக்குத் தப்பிக்க வழிவிட்டார் அந்த அம்மாள். நான் தலையசைத்திருந்தால் அபெலார்தோ பெயர் வந்திருக்கும், பாட்டிலும் உடைந்திருக்கும்.

"வேண்டாம்" என்றேன். "மலை கேட்டுடுச்சு. நானும் கேட்டுட்டேன்."

அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தெமேத்ரியோவின் முதுகில் காகிதத்தை வைத்து. ஒப்பந்தம் ரத்து. சாயங்காலம் இலாரியா ஆபீசுக்கு வந்தார், இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. "உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க ரோடு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

நேற்றுத் திங்கட்கிழமை பழைய மேயரின் ஆட்கள் என்னைப் பதவி நீக்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டார்கள். புருஷனைக் காட்டுக்கு அனுப்பியது நாடகம், புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போட்ட திட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 8 மன்றத்தில் ஓட்டெடுப்பு.

நீ மெஷினை விற்றுவிட்டுக் காட்டில் லாரி ஓட்டுவதாக நினைத்து உனக்குச் சோளம் வறுத்தேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருக்கிறது.

எடெல்மிரா யாவுரி, மேயர்

புவேர்த்தோ யூக்கா
10 ஜூலை 2003

எடெல்மிரா,

தெமேத்ரியோவைத் திட்டாதே. படையல் போடாமல் வாய்ராவில் கொத்துவாளியை இறக்காதே என்று அவனிடம் பத்து முறை சொன்னவன் நான்தான். அன்றைக்கு மண்ணுக்குள் போன புல்டோசரை ஓட்டியவன் மலையிடம் பொய்ப்பெயர் சொன்னான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். யார் கேட்டாலும் அபெலார்தோ மெஷின் என்று சொல் என்று தெமேத்ரியோவுக்குச் சொல்லியிருந்தேன். யார் என்பதில் மலையும் சேர்த்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் உயிரோடு விளையாட எனக்கு மனமில்லை. நோட்டரியை ஏமாற்றினேன், உன்னை ஏமாற்றினேன், அதெல்லாம் என்னால் முடிந்தது.

ஏன் செய்தாய் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் வெட்டினால் ரோடு நிற்கும் என்று நிச்சயமாக இருந்தேன். முடிந்த பிறகு சொன்னால் நீயே சிரிப்பாய் என்றும் நினைத்தேன். உன் நேர்மையைவிட என் கைவேலை பெரியது என்று நினைத்துவிட்டேன். இப்போது எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது.

அபெலார்தோ நேற்று இங்கே வந்திருந்தான். ஒரு வழி சொல்கிறான், கேள். நோட்டரி பத்திரம் இருக்கிறது, அதன்படி மெஷின் மே மாதமே அவனுடையது. தெமேத்ரியோ ஒன்பது வருஷப் பழக்கத்தில் பழைய முதலாளி பெயரைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். நீ மன்றத்தில் "என் புருஷன் விற்றுவிட்டார்" என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். உன் பதவி நிற்கும், நான் கோர்ட்டுக்குப் போகவேண்டாம், ஒப்பந்தமும் உயிரோடு வரும், கீனுவாபாட்டாவுக்கு ரோடும் வரும். இலாரியாவுக்கு நீ சொல்ல வேண்டிய பதில் அதில் இருக்கிறது.

ஏப்ரலில் முடியாது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் உன் கடிதங்களைப் போட்டுவைக்கிற ஓட்ஸ் டப்பாவில் இருக்கிறது. அது வெளியே வந்தால் நான் தெரிந்தே செய்தேன் என்று ஆகும். எரித்துவிடு என்கிறான் அபெலார்தோ. அடுப்பு எரிகிறது, டப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

நிகானோர்

சிஞ்சிபம்பா
18 ஜூலை 2003

நிகானோர்,

அந்த ஒரு வரியை நான் சொல்லமாட்டேன்.

நல்ல வழிதான். எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கிறது. நான் மட்டும் இன்னும் மூன்றரை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அபெலார்தோ நீட்டுகிற ஒவ்வொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவன் வாயைத் திறப்பான். இது உனக்குத் தோன்றவே இல்லையா?

மன்றத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். நீ மார்ச்சில் கேட்டு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அது மட்டும் இருந்தால், கேட்டான், அவள் ஒத்துக்கொண்டாள் என்றுதான் ஆகும்; நீ பிறகு எழுதியதை எல்லாம் என்னைக் காப்பாற்ற எழுதியது என்பார்கள். நான் மறுத்ததற்கு என் கையெழுத்தில் உள்ள ஒரே சாட்சி உன் டப்பாவில் இருக்கிறது. அது வந்தால் நான் நிற்பேன், நீ விழுவாய். வராவிட்டால் நான் விழுவேன், பொய்க்காரி என்ற பெயரோடு; நீ பத்திரத்தைக் காட்டித் தப்பலாம். நீயாவது தப்ப வேண்டும் என்றால் எரித்துவிடு. நான் கெஞ்சப் போவதில்லை. பதினெட்டு வருஷத்தில் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை, இதற்கும் மாட்டேன்.

ரோட்டுக்கு மறு டெண்டர் விட்டாயிற்று. மேலிருந்து வெட்ட வேண்டும் என்று உன் படத்தை ஒட்டியே விட்டிருக்கிறேன். நான் பதவியில் இல்லாவிட்டாலும் அது நடக்கும். இலாரியாவிடம் நேரில் மலையேறிப் போய்ச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார்.

எடெல்மிரா

புவேர்த்தோ யூக்கா
27 ஜூலை 2003

எடெல்மிரா,

எல்லாக் கடிதங்களும் இத்துடன் இருக்கின்றன. ஏப்ரல் கடிதம் மேலே இருக்கிறது. பஸ் டிரைவரிடம் தரவில்லை, தெமேத்ரியோ கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே என் வாக்குமூலம், இங்குள்ள நீதிபதி முன்னால் எழுதிக் கைநாட்டும் வைத்தது. விற்பனைப் பத்திரம் பொய், எடெல்மிராவுக்கு ஒன்றும் தெரியாது, செய்தது நானும் அபெலார்தோவும் என்று இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே, என்னுடையது என்று தெரியட்டும்.

தைரியமாக அனுப்புகிறேன் என்று நினைக்காதே. இரண்டு நாள் டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிறைக்குப் பயம். லூஸ்மிலா பள்ளிக்கூடத்தில் என்ன கேட்க வேண்டியிருக்குமோ என்று அதைவிடப் பயம். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். ஜூன் எட்டாம் தேதி எழுதியதைப் படித்தபோது தாங்கவில்லை. பொய் சொன்னவனுக்கு எழுதிய கடிதம் அது. அதையாவது எனக்குத் திருப்பிக் கொடு, மன்றம் முடிந்த பிறகு.

நான் வரவா, வேண்டாமா? சொன்னால் வருகிறேன்.

நிகானோர்

சிஞ்சிபம்பா
14 ஆகஸ்ட் 2003

நிகானோர்,

மன்றக் கூட்டம் ஐந்து மணி நேரம் நடந்தது. ஜனம் உள்ளே கொள்ளாததால் சதுக்கத்தில் ஒலிபெருக்கி கட்டினார்கள். கடிதங்களை நானே எழுந்து படித்தேன். வரிசை விடாமல், தேதி விடாமல், மரவள்ளி, கினிப்பன்றி எல்லாம் சேர்த்து. சில இடங்களை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று வக்கீல் சொன்னார், விட்டால் எதை மறைக்கிறாள் என்று கேட்பார்கள் என்றேன். மடையா என்ற இடத்தில் சதுக்கமே சிரித்தது. கட்டிலில் பட்ஜெட் காகிதங்கள் என்று படித்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். பழைய மேயரின் கவுன்சிலர் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தார். உன் வாக்குமூலத்தைச் செயலாளர் படித்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

என்னை நீக்க ஆறில் நான்கு ஓட்டு வேண்டும். இரண்டுதான் விழுந்தது. நான் மேயராகவே இருக்கிறேன்.

கீனுவாபாட்டாக்காரர்கள் மறு டெண்டருக்குக் காத்திருக்கவில்லை. போன சனிக்கிழமை நூற்றைம்பது பேர் மண்வெட்டியோடு இறங்கி ஊர்வேலையாக முதல் கிலோமீட்டரை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இலாரியா எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நேற்று மாகாணத் தலைநகருக்குப் போய் உன்மீதும் அபெலார்தோமீதும் புகார் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் ஏமாற்றப்பட்டது நகராட்சி, அதன் மேயர் நான், வேறு யாரும் கொடுக்க முடியாது. வாக்குமூலம் நீயாகவே கொடுத்ததால் தண்டனை குறையலாம் என்கிறார் வக்கீல். குறையாமலும் போகலாம். சம்மன் வருவதற்கு முன்னால் நீயே கிளம்பி வா. வழியில் எங்கும் தங்காதே. லூஸ்மிலாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் பஸ் நேரத்தை விசாரித்து வைத்திருக்கிறாள்.

அங்கே புகாரை எழுதிக்கொண்ட எழுத்தர் இளைஞன். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் கேட்டான், சொன்னேன். வயது, தொழில், முகவரி. பிறகு, புகார் கொடுப்பவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டான். மனைவி என்றேன். டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னமுமாம்மா?" என்று கேட்டான்.

"இன்னமும்தான்" என்றேன். "அடி."

எடெல்மிரா